கிரைண்டர் கீழே, கணினி பரணில்

பண்ருட்டியில் என் சித்தி வீட்டுப் பரணில் இரண்டு ஆட்சிகள் அருகருகே படுத்திருந்தன. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த பெட்டி ஒரு மூலையில், உள்ளே ஒன்றுமில்லாத வெறுங்கூடாக. பக்கத்தில் பழைய போர்வையில் சுற்றிவைத்த மடிக்கணினி. மூடியில் தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை. தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியது. அவன் பொறியியல் முடித்து, ஓசூரில் வேலைக்குப் போய், சொந்தக் காசில் வேறு கணினி வாங்கி, கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனால் அதே காலத்தில் அதே அரசு கொடுத்த கிரைண்டர் கீழே அடுப்படியில் இன்று காலையும் ஓடியது. இடையில் ஒரு தடவை பெல்ட் மாற்றியதோடு சரி.

இரண்டும் இலவசம்தான். ஒன்று கீழே நின்றது, இன்னொன்று மேலே ஏறிவிட்டது. வீட்டு அடுப்படியில் குறைந்த செலவில் ஒரு கணினி வைக்க முடியுமா, வைத்தால் நிலைக்குமா என்று கேட்பவர்கள் முதலில் இதற்குக் காரணம் தேட வேண்டும்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தையும் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தையும் ஜெயலலிதா ஒன்றாகவே தொடங்கிவைத்தார். அடுப்படிச் சாமான் அம்மாவுக்கு, கணினி பிள்ளைக்கு என்று பங்கு பிரித்தாயிற்று. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் ஆண்டுக்கு ஆண்டு போய்ச் சேர்ந்து, மொத்தம் 50 லட்சத்தைத் தாண்டின. விண்டோசோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அந்த லினக்ஸைத் திறந்து பார்த்த மாணவர்கள் எத்தனை பேர் என்று நான் கணக்கெடுத்ததில்லை. என் தம்பி பார்க்கவில்லை. உலகத்தில் இவ்வளவு பெரிய அளவில் கணினியும் கிரைண்டரும் ஒரே கூரையின் கீழ் ஒரே காலத்தில் நுழைந்த வேறு இடம் எனக்குத் தெரிந்து இல்லை. நுழைந்த பிறகு இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை என்பதுதான் விஷயம்.

அடுப்படிக் கணினி என்ற எண்ணம் நமக்கு முன்பே அமெரிக்காவில் வந்து, நன்றாகத் தோற்றும் போயிற்று. 1969-இல் நெய்மன் மார்கஸ் என்ற பெரிய கடை தன் கிறிஸ்துமஸ் விலைப்பட்டியலில் ஹனிவெல் நிறுவனத்தின் 'கிச்சன் கம்ப்யூட்டர்' என்ற ஒன்றை விளம்பரப்படுத்தியது. விலை 10,600 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 80,000 ரூபாய். காய் நறுக்க ஒரு பலகை அதன் உடம்பிலேயே இருந்தது. சமையல் குறிப்பைக் கேட்க வேண்டுமானால் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்ட வேண்டும். பதில் சிறு விளக்குகளாக எரியும், அணையும். அதைப் படிக்கப் பழகுவதற்கு இரண்டு வாரப் பயிற்சியும் விலையில் அடக்கம். புளியைக் கரைத்து வைத்துவிட்டு இரண்டு வாரம் படிக்கப் போகிற பெண் எந்த நாட்டிலும் இல்லை. ஒன்றாவது விற்றதாகத் தகவல் இல்லை. பலகையைக் கழற்றிவிட்டால் மிஞ்சும் ஹனிவெல் 316 என்ற கணினி நல்ல பொறிதான். அதே ரகம் பின்னால், இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் செய்தியை வழிமாற்றிவிடும் வேலையைச் செய்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1966-இல், பிட்ஸ்பர்க் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர் ஜிம் சதர்லாண்ட் எக்கோ-4 என்று ஒரு கணினியைத் தன் வீட்டிலேயே கட்டினார். வேலை செய்த இடத்தில் கழித்துப்போட்ட உதிரிப் பாகங்கள்தான் மூலப்பொருள். கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல், வீட்டுக் கணக்கு, அறையின் வெப்பம் என்று அந்தக் குடும்பத்துக்கு உண்மையாகவே இருந்த வேலைகளை அதற்குக் கொடுத்தார். கடையில் விலைக்கு வந்த அடுப்படிக் கணினி விற்கவில்லை, கழிவில் கட்டியது ஓடியது. 2000-த்தில் திரீகாம் நிறுவனம் 499 டாலருக்கு 'ஆட்ரி' என்ற பொறியை அடுப்படி மேடைக்கென்றே இறக்கி, மறுவருஷமே ஏறக்கட்டியது. சமைப்பவருக்கு வேண்டியது சமையல் குறிப்பு என்று கணினி விற்பவர்கள் நினைத்ததுதான் காலங்காலமாக நடந்த தவறு. தினம் சமைக்கிறவருக்குக் குறிப்பு எதற்கு? மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்து இன்றும் விற்கிறது. அதை வாங்குவது புதிதாகக் குடித்தனம் போகிறவர்கள்.

நம் நாட்டில் முயற்சி விலையைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர்கள் வடிவமைத்த சிம்ப்யூட்டர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் பேசும் கைக்கணினி. 9,000 ரூபாய்க்குத் தருவது இலக்கு. 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாகச் சந்தைக்கு வந்தது, விற்கவில்லை. 2011 அக்டோபரில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட ஆகாஷ் தட்டைக்கணினிக்கு நாடு முழுக்க ஆரவாரம். கையில் வாங்கியவர்கள் அதன் வேகத்தைப் பார்த்து அலுத்துப்போனார்கள். இரண்டைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே சொல்ல ஒன்றே ஒன்று உண்டு: இரண்டிலும் விலையைத் தீர்மானித்த பிறகுதான் வேலையைத் தேடினார்கள்.

2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் 35 டாலருக்கு வந்த ராஸ்பெரி பை இந்த வரிசையில் சேராது. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகுவதற்கென்று எபென் அப்டன் குழுவினர் உருவாக்கிய, ஏடிஎம் கார்டு அளவுள்ள பலகை அது. கோடிக்கணக்கில் விற்று, உலகமெங்கும் அடுப்படிகளிலும் ஏறிவிட்டது. நம்மூர்க் கணக்கு வேறு. பலகை மட்டும் போதாது. பெட்டி, அடாப்டர், மெமரி கார்டு, எச்டிஎம்ஐ வயர், அப்புறம் திரை என்று வரிசையாக வரும். 2025 கடைசியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியதும் பையின் விலையையும் ஏற்றினார்கள். மின்சாரத்தில் மட்டும் அதை அடிக்க முடியாது. நான்கு வாட் என்று வைத்தாலும் இரவு பகல் ஓடி இரண்டு மாதத்துக்கு ஆறு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். நூறு வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை அப்படி விட்டுவைத்தால் 144 யூனிட். 2016 முதல் வீடுகளுக்குக் கிடைக்கும் இரண்டு மாதத்துக்கு 100 இலவச யூனிட்டை அது ஒன்றே தின்றுவிட்டு மேலும் கேட்கும். அரசு மடிக்கணினியோ திரை உட்பட முப்பது வாட்டுக்குள் அடங்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்குப் பதினோரு யூனிட். திரையும் விசைப்பலகையும் ஒலிபெருக்கியும் உடம்போடு ஒட்டியே இருக்கின்றன. புதிதாக வாங்கத் துடிக்கும் இளைஞர்களிடம் நான் சொல்வது இதுதான்: உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் பையை மறந்துவிடுங்கள்.

பரணிலிருந்து இறக்கினோம். உள்ளே கரப்பான் முட்டை. பேட்டரி செத்திருந்தது. திறக்க அரை மணி, விண்டோஸ் வந்து நிற்க ஐந்து நிமிடம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, லுபுண்டு என்ற லினக்ஸை ஏற்றினோம். நினைவகம் இரண்டு ஜிபிதான். பிரவுசரில் ஒரு பக்கமும் லிப்ரே ஆபீஸ் கணக்குத்தாளும் சேர்ந்து ஓடும். நான்காவது பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். எஸ்எஸ்டியும் தனியாக ஒரு யுஎஸ்பி விசைப்பலகையும் வாங்கியதில் நாங்கள் செலவழித்தது 2,500 ரூபாய்க்குள்.

அடுப்படியில் கணினிக்கு எதிரி தண்ணீர் என்று நினைப்போம். தண்ணீர் காய்ந்துவிடும். தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி காயாது. விசிறி உள்ள கணினி அந்த ஆவியையும் தூசியையும் சேர்த்து உறிஞ்சி, உள்ளே பிசின் போல ஒரு படலம் கட்டும். எக்ஸாஸ்ட் பேனின் இறக்கையைத் துடைத்தவர்களுக்கு அந்தப் பிசுக்கு தெரியும். அது படிந்தால் சூடு வெளியேறாது, கணினி தானாகவே அணைந்துவிடும். அதனால் அடுப்புக்கு எதிர்ச்சுவரில், தோள் உயரத்தில், பலகை அடித்து வைத்தோம். அடுப்புக்கு மேலே அலமாரியில் இடம் காலியாக இருக்கிறதே என்று யாராவது ஆசை காட்டுவார்கள், கேட்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பின்மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷால் தட்டுவது தம்பி ஊருக்கு வரும்போது செய்யும் வேலை.

அடுத்தது மின்சாரம். கிரைண்டர் மோட்டார் கிளம்பும் நொடியில் அடுப்படி விளக்கு ஒரு கணம் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மங்கலில் ராஸ்பெரி பை திரையின் மூலையில் மின்னல் குறி காட்டக்கூடும், மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். அடிக்கடி அப்படி ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். பேட்டரி இல்லாத மடிக்கணினிக்கும் கரண்ட் போனால் திடீர்ச் சாவுதான். கிரைண்டரும் மிக்சியும் இருக்கும் 15 ஆம்ப் பிளக்கில் கணினியைச் சேர்க்காமல், இன்வெர்ட்டர் லைனில் தனிப் பிளக் போட்டுக்கொள்வது நல்லது. எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் உலோகப் பெட்டியை ஈரக்கையால் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். அதை மட்டும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிபார்க்காமல் தொடங்கவே கூடாது.

மின்சாரத்தைப் பற்றிப் பேசினால் எங்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சு சேர்ந்தே வரும். பஸ் ஏறினால் நெய்வேலி. 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்துத் தென்மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்புகிற இடம். டவுன்ஷிப் பிளாக்குகளில் இருக்கும் உறவினர்கள் கரண்ட் கட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களில் விளக்கு எரிய வாரக்கணக்கானது. மடிக்கணினித் திட்டம் தொடங்கி அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்கடுத்த வருஷமும் ஒரு நாளில் பாதி நேரம் மின்வெட்டு. அந்தக் காலத்தில் கணினி பேட்டரி இருக்கும்வரை பிள்ளைகள் படம் பார்த்தார்கள், அம்மாக்கள் ஆட்டுக்கல்லைத் தேடினார்கள்.

இனி விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் அடுப்படிக் கணினி என்றால் தொடுதிரையைத்தான் சொல்வார்கள். பண்ருட்டியில் அது எடுபடாது. இங்கே பல வீடுகளில் அடுப்படியும் அதை ஒட்டிய தாழ்வாரமும் முந்திரி உடைக்கிற இடம். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் நாளாவட்டத்தில் விரல் நுனி கறுத்து, வெடித்து, ரேகை தேய்ந்துவிடும். சித்தியின் கட்டைவிரலைப் போன் பூட்டு அடையாளம் கண்டுகொள்வதில்லை. எங்கேயாவது ரேகை வைக்கச் சொன்னால் நாலு விரலை மாற்றி மாற்றி வைப்பார். அந்த விரலுக்குக் கண்ணாடித் திரை பிடிகொடுக்காது. அழுத்தினால் 'டக்' என்று இறங்கும் பழைய விசைப்பலகைதான் சரி. மேலே தெளிவான பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டு, அழுக்கானால் உறையை மட்டும் கழற்றிக் கழுவுகிறார். எண் விசைகள் வலப்பக்கம் தனியாக இருக்கும் பலகையாகப் பார்த்து வாங்கியதில்தான் எங்கள் சாமர்த்தியம் எல்லாம் இருக்கிறது. சித்திக்கு வேண்டியது எண்கள்.

வேலைக்கு வருகிறேன். மண்டிக்காரர்களிடமிருந்து கொட்டை மூட்டையாக வரும். சித்தியும் அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேரும் உடைத்து, தொலி உரித்து, முழுசையும் உடைசலையும் பிரித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிலோவுக்குக் கூலி. நடுவில் முன்பணம், பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ஒருத்தி வாங்கியது, திருவிழாவுக்கு இன்னொருத்தி வாங்கியது. இத்தனையும் நகைக்கடை கொடுத்த ஒரு டைரியில் பென்சிலில் இருந்தது. எண்ணெய்க்கறை பட்ட பக்கங்களில் பாதி படிக்கவே முடியவில்லை. கணக்குத்தாளில் ஐந்து பத்தி போட்டோம்: தேதி, கொட்டை எடை, முழுப்பருப்பு, உடைசல், முன்பணம். ஆறாவது பத்தியில் கணினியே கணக்குப் போட்டு, எடைக்கு எத்தனை சதவீதம் பருப்பு தேறியது என்று காட்டும். ஓட்டோடு இருக்கும் கொட்டையில் ஏறத்தாழ கால் பங்குதான் பருப்பு. மூன்று மாதம் கழித்து அந்த ஆறாவது பத்தியை மேலிருந்து கீழே பார்த்தபோது ஒரு மண்டிக்காரருடைய மூட்டைகள் மட்டும் தொடர்ந்து கம்மியாகத் தேறியிருந்தன. எடையில் குறையா, கொட்டையில் சொத்தையா என்று தெரியாது. சித்தி சத்தம் போடவில்லை. அடுத்த மூட்டையை இறக்கும்போது வீட்டுத் தராசில் நிறுத்த பிறகே கையெழுத்து என்றார். அதற்கப்புறம் அந்த எண் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது.

முந்திரிச் சந்தையில் தரமே எண்தான். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 வரை முழுப்பருப்பு நிற்கும் என்று கணக்கு, 180 என்றால் அதைவிடப் பெரிய பருப்பு. விலை அந்த எண்ணைப் பொறுத்துத்தான். உடைக்கிற வீட்டுக்கு அந்த எண் தெரிவதில்லை, கிலோ கூலி மட்டும் தெரியும். இதைப் பிரவுசரில் தேடிப் படித்த நாளில் சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இதற்குப் போன் போதாதா என்ற கேள்வி நியாயமானது. முக்கால்வாசி வீடுகளில் போதும். சமையல் வீடியோ பார்க்க, எரிவாயு பதிவு செய்ய, வங்கியில் பணம் ஏறிய குறுஞ்செய்தி பார்க்கப் போன் தாராளம். கூகுள் 2017-இல் தமிழ்க் குரல் தட்டச்சைக் கொண்டுவந்த பிறகு எழுதத் தயங்கியவர்களும் போனில் எழுதுகிறார்கள். ஆனால் போன் ஒருவருடையது. அவரோடு வெளியே போய்விடும். மணி அடிக்கும், பேரன் பிடுங்குவான். நாலு பெண்கள் சேர்ந்து பார்க்க வேண்டிய கணக்கு ஆறங்குலத் திரையில் நிற்காது. சுவரில் நிற்கும் பதினாலு அங்குலத் திரையில் எல்லாருடைய கணக்கும் எல்லாருக்கும் தெரிகிறது. கூலி விஷயத்தில் அது சின்ன விஷயமில்லை. குரல் தட்டச்சை நாங்களும் கூகுள் ஆவணத்தில் பார்த்தோம். செய்தி வாசிப்பவர் போல நிறுத்திச் சொன்னால் எழுதுகிறது, கடலூர்ப் பேச்சில் சொன்னால் தடுமாறுகிறது. மிக்சி ஓடினால் சுத்தம்.

தமிழில் கணினியை வைத்துக்கொள்வது இப்போது சிரமமே இல்லை. 1999-இல் சென்னை தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை அமைப்பு லினக்ஸிலும் உண்டு, எழுத்துருக்கள் இலவசம், லிப்ரே ஆபீஸின் பட்டியல்களும் தமிழில் கிடைக்கின்றன. இதெல்லாம் அரசு உத்தரவால் மட்டும் வந்ததல்ல. 'கணியம்' இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது. எங்களுக்குப் பக்கத்து ஊரான விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி என்ற லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது. பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றத் தெரியாதவர்கள் கடைக்குப் போவதற்கு முன் இப்படிப்பட்ட குழுக்களைக் கேட்கலாம்.

கடைசியாக ஒரு சின்னச் சண்டை. கணினிக்குக் கடவுச்சொல் வைக்கும்போது தம்பி வழக்கம்போலத் தன் பெயரையும் பிறந்த வருஷத்தையும் போட்டான். அவன் ஓசூர் போன பிறகு ஒரு நாள் அது பூட்டிக்கொண்டது. அவன் மீட்டிங்கில் இருந்ததால் சாயங்காலம் வரை கணக்கு எழுத முடியவில்லை. மறுபடி பரணுக்குப் போய்விடும் என்று நான் நினைத்தேன். சித்தி அவனை வரவழைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார், என்ன சொல் என்பதை அவன் பார்க்காமல் தானே எழுத்தெழுத்தாகத் தட்டினார். இன்றுவரை எனக்கும் தெரியாது. பள்ளிப் பிள்ளைக்கென்று வந்த கணினி அந்த நிமிஷத்தில்தான் அடுப்படிச் சாமான் ஆயிற்று என்று எனக்குப் படுகிறது. கிரைண்டரை ஓட்ட அவர் யாரையும் கேட்டதில்லை.

இதைப் படித்துவிட்டுப் பரணில் ஏணி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மடிக்கணினிகளில் பலவற்றின் பேட்டரிக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. சார்ஜரைச் செருகுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் குத்தாமல், நசுக்காமல், அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுபோகாமல் தனியாக எடுத்துவைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். பேட்டரி இல்லாமலே கணினி ஓடும்.